நாலு பார் போதும்

அவருடைய வலது உள்ளங்கையை எனக்கு நன்றாகத் தெரியும். முகம்கூட இப்போது மங்கிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தார், மீசை கிடையாது, அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்த உள்ளங்கை அப்படியே இருக்கிறது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதோ வாசித்துக்கொண்டிருக்கும்போதோ டிராஃபிக் போலீஸ்காரர் கை மாதிரி அது மேலே எழும். "போதும்" என்பார். குரல் உயராது. சிரித்தபடியேதான் சொல்லுவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பாளையங்கோட்டைக்காரர். எண்ணெய் வயல்களுக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் பிளானிங் என்ஜினியர். குவைத்தின் ஃபஹாஹீலில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய பில்டிங்கில் அவருக்கு பிளாட். அதில் ஒரு படுக்கையறையை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். சத்தம் வெளியே போகாதபடி சன்னலை மெத்தையால் அடைத்திருந்தார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்த ஒரு கீபோர்டு. இரண்டாயிரங்களின் நடுவில் அந்த ஊர்த் தமிழர்களின் கிறிஸ்துமஸ் பாட்டு, திருவிழாப் பாட்டு, கல்யாண வீடியோவுக்கான பாட்டு எல்லாம் அந்த மெத்தை அறையில்தான் பிறந்தன. யாரிடமும் ஒரு தினார் வாங்கமாட்டார். போகிறவர்களுக்கெல்லாம் இஞ்சி டீ உண்டு. அதனால் அவரை நல்லவர் என்று சொல்ல அங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.

நான் அப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாதிப் பேர் என்னைப் போல நர்ஸுகள். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்ததும் மாஸ்டரின் பயிற்சி. டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவள் ஒருத்தி, பாடி முடித்ததும் டியூட்டி பஸ்ஸுக்கு ஓடுகிறவள் ஒருத்தி. எங்களுக்கு மூச்சு வாங்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூச்சு வாங்குவது மாஸ்டருக்குப் பிடிக்காது.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்லவேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் அவர் பதிவது சத்தத்தை அல்ல. கீபோர்டில் எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொட்டோம் என்ற குறிப்பு மட்டும் உள்ளே போகும். அதற்கு மிடி என்று பெயர். திரையில் அது சின்னச் சின்னச் செங்கல்லாகத் தெரியும். அந்தச் செங்கல்லைப் பிறகு டிரம் ஆக்கலாம், தபேலா ஆக்கலாம், மணி ஆக்கலாம். மவுஸால் பிடித்து முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். நாலு தாளச் சுற்று பதிந்தால் போதும், அதையே வெட்டி ஒட்டிப் பாட்டு முழுக்கச் சுற்றவிடலாம். அப்படிச் சுற்றுவதுதான் லூப். தாளச் சுற்றை அவர் பார் என்பார். குவைத்தில் வேறு பார் எதுவும் கிடையாது என்பதால் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை.

"நாலு பார் போதும், கலாஸ்" என்பதுதான் அவருடைய வேதம். கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது என்று அர்த்தம்.

ஒருமுறை பக்கத்து ஊர் மங்காஃபிலிருந்து ஒரு மலையாளிச் சேட்டன் வந்தார். கீபோர்டு வாசிப்பவர். ஸ்டுடியோவில் வாசிக்கப் போகிறோம் என்று இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்து விரலை நீட்டி மடக்கி, மெதுவாகத் தொடங்கினார். நாலு பார் ஆனது. உள்ளங்கை எழுந்தது.

"ஞான் தொடங்கியதேயில்லல்லோ மாஷே" என்றார் சேட்டன்.

"இதுதான் சேட்டா வேணும். மிச்சம் நான் பாத்துக்கிடுதேன். டீ குடிச்சிட்டுப் போங்க."

சேட்டன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தார். மாஸ்டர் அதற்குள் திரும்பி உட்கார்ந்து செங்கல்களை நகர்த்த ஆரம்பித்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. அவர் யாரையும் திட்டி அனுப்பியதில்லை. டீ கொடுத்து அனுப்புவார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பாட்டில் மட்டும் இப்படி என்றால் தொழில் என்று விட்டுவிடலாம். மனிதர் எல்லாவற்றிலும் இப்படித்தான். பாதர் பிரசங்கம் தொடங்கி, உவமையைச் சொல்லி முடித்ததும் மாஸ்டர் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால், "கருத்து வந்துட்டு சிஸ்டர். இனி அவர் ரிபீட்தான் பண்ணுவார்" என்பார். சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இடைவேளையில் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொள்வார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. எனக்கும் கொஞ்ச காலம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவர் மனைவி பாளையங்கோட்டையில் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் போன் வரும். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு மவுஸைப் பிடித்துக்கொள்வார். முதலில் கொஞ்சம் கேட்பார். பிறகு 'ம்' போடத் தொடங்குவார். ஒரே இடைவெளி, ஒரே சுருதி. மாமியாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்றாலும் 'ம்', மகன் பரீட்சையில் தேறிவிட்டான் என்றாலும் அதே 'ம்'. ஒருநாள் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே டீ போட எழுந்து போய்விட்டார்.

"இருக்கீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் போனை எடுத்து, "அவங்க அடுக்களைல நிக்காங்க அக்கா" என்றேன்.

பிறகு, "நான் எதுவரைக்கும் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

மாஸ்டர் டீயோடு வந்ததும் அதை அப்படியே சொன்னேன். அவருக்கு உறைக்கவே இல்லை. "அவ சொல்றது எல்லா வாரமும் ஒண்ணுதான் சிஸ்டர். முதல் நாலு பார் கேட்டா மிச்சம் தெரிஞ்சிரும்" என்றார். டம்ளரை என் முன்னால் வைத்தார். அன்றைக்கு நான் அந்த டீயைக் குடிக்கவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதுவும் அவரைப் பற்றித்தான். பயிற்சியின்போது எங்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் மாஸ்டர்தான். சிக்னலில்கூட நிற்கவில்லை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் அன்று அங்கே வேறொரு வார்டில் டியூட்டியில் இருந்தேன், தகவல் பிறகுதான் தெரிந்தது. அவசரப் பிரிவில் அவள் பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். அவளுடைய பையும் சிவில் ஐடி அட்டையும் அவர் காரிலேயே போய்விட்டன. அவள் கண் திறந்தபோது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "என்ட்ரி போட்டாச்சுல்லா சிஸ்டர், இனி அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றார். பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அண்ணனை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரியம்மா மகன். என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு, அதனால் அவன் இவன் என்றுதான் பேசுவேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து. ஃபஹாஹீலில் அவன் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலுக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று சொல்லமுடியாது. கரையில் நிற்கிற வெள்ளிக்கிழமைகளில் பூசைக்கு வருவான். கோயிலில் கிடந்த பழைய டிரம் செட்டை ஒருநாள் சும்மா தட்டிப் பார்த்தான். அன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு அவன்தான் டிரம்.

அவன் ஒரு தடவை அடித்ததை மறுதடவை அடிக்கமாட்டான். ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில் என்னவோ ஒன்று செய்வான். ஒரு தடவை தடுக்கி விழுந்து எழுந்த மாதிரி ஒரு அடி. இன்னொரு தடவை ஒன்றுமே அடிக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பான். நாங்கள் மூச்சை இழுத்து முடித்ததும் அடுத்த சரணத்துக்குள் கொண்டுபோய் விடுவான். எங்களுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். யார் டியூட்டியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான்.

"மொதல்ல அடிச்சியே, அதையே அடியேன்" என்று நான் கேட்டால், "போனது போச்சு மக்கா, இனி வாறதக் கேளு" என்பான்.

அவன் குவைத்துக்கு வந்த பிறகு பிறந்தவள் அவன் மகள் ஜெனி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அவன் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் கஃபீலிடம், விசா கொடுத்த அரபி முதலாளியிடம், இருந்தது. இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று லீவு தள்ளிக்கொண்டே போனது. பிள்ளை அவனை 'போன் அப்பா' என்றுதான் சொல்லும். இதைச் சொல்லி அவனே சிரிப்பான், சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைப்பான். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் விழாவை ஒரு பள்ளிக்கூட ஹாலில், பகலில் வைத்தார்கள். வீடியோ எடுத்து டிவிடி போடுவதாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை.

"போட்டோல நான் சும்மா நிக்கதத்தான் பிள்ள பாத்திருக்கு. வீடியோல நான் அடிக்கதப் பாக்கட்டு. அப்பனுக்கு என்ன தெரியும்னு அவளும் பாக்கணும்லா" என்றான்.

அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

விழாவுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் அவனை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார். "நீ கடலுக்குப் போயிட்டா இவங்க எதை வச்சுப் பாடிப் பழகுவாங்க? ஒரு லூப் எடுத்து வச்சிருவோம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் துறைமுகத்திலிருந்து நேராக வந்தான். குளித்துத்தான் வந்தான். என்ன குளித்தாலும் அந்த வாசனை போகாது, அது வேலையின் வாசனை. அவன் உள்ளே வந்ததும் மாஸ்டர் ரூம் ஸ்பிரேயை எடுத்து அறை முழுக்க அடித்தார். "தப்பா நினைக்காத தம்பி, மிஷினுக்காகத்தான்" என்றார், அதே சிரிப்போடு. எந்த மிஷினுக்கு மூக்கு இருக்கிறது? நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையை அழுத்தினான்.

"டிரம் எங்க மாஸ்டர்?"

"டிரம்மெல்லாம் வேண்டாம். இந்தா, இந்தக் கட்டைல அடி. இது பெரிய டிரம், இது சின்னது, இது சிம்பல்."

"இது பியானா இல்லியா?"

"அடிச்சுப் பாரேன்."

உப்புத் தண்ணீரிலும் வலைக் கயிற்றிலும் கிடந்து வெடித்த விரல்கள். ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து விழுந்தது. முதலில் வெட்கப்பட்டான். பிறகு அந்தத் தவறி விழுகிற கட்டையையும் சேர்த்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினான். கண்ணை மூடிக்கொண்டான். சரணம் முடிகிற இடம் வந்தது, தடுக்கி எழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்டரின் உள்ளங்கை எழுந்தது. கண்ணை மூடியிருப்பவனுக்கு உள்ளங்கை எப்படித் தெரியும்? மாஸ்டர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அண்ணனுடைய விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் சத்தமில்லாத கட்டைகளின் மேல் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தன. பிறகு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தான்.

"நாலு பார் வந்துட்டு தம்பி. போதும்."

திரையில் செங்கல்கள் கலைந்து கிடந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தார். தவறி விழுந்த கட்டைகள், தயங்கி விழுந்த அடிகள், அந்தத் தடுக்கல். "இதெல்லாம் அழுக்கு" என்றார். பிறகு ஒரு பட்டனை அமுக்கினார். மிச்சமிருந்த செங்கல்கள் எல்லாம் ஒரே தாவலில் கோட்டுக்கு நேராகப் போய் நின்றன. ஸ்பீக்கரில் ஓடவிட்டார்.

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "எனக்க அடி எங்க போச்சு?"

"உன் அடிதான். நல்லாக் குளிப்பாட்டி விட்டிருக்கேன்."

அண்ணன் சிரித்தான். "நல்லாத்தான் இருக்கு. கடையில வாங்கினது மாதிரி" என்றான். டீ வந்தது.

விழாவுக்கு முந்தின மேடை ஒத்திகையில் டிரம் செட்டைக் காணவில்லை. அண்ணன் லாஞ்சின் தலைவனிடம் கெஞ்சி லீவு வாங்கி, புது வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒத்திகைக்கே அந்தச் சட்டையைப் போட்டுவிட்டான்.

"டிரம் எங்க மாஸ்டர்?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு சிஸ்டர்? அதான் லூப் இருக்கே. ஈஸ்டருக்கு என்ன ஆச்சுன்னு நெனச்சுப் பாருங்க."

ஈஸ்டருக்கு லாஞ்ச் வரவில்லை, டிரம் இல்லாமல் பாடினோம். அது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை ஆள் வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறானே.

"அப்போ நான் அடிக்காண்டாமா மாஸ்டர்?" என்றான் அண்ணன்.

"உன் கைதான தம்பி வாசிக்குது? பாட்டு முழுக்க நீதான். நீ எதுக்கு மேல வேற நிக்கணும்?"

அந்த வாக்கியம் சரியாகத்தானே இருக்கிறது என்று அண்ணனுக்கே ஒரு சந்தேகம் வந்த மாதிரி நின்றான். பிறகு சொன்னான்: "எனக்க பிள்ளைக்கு வீடியோ அனுப்பணும் மாஸ்டர். அவ என்னைய நேர்ல பாத்ததில்ல. நான் அடிக்கத அவ..."

உள்ளங்கை எழுந்தது.

"புரிஞ்சுட்டு தம்பி. விழா முடிஞ்சதும் மேடையில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

நான் கத்தினேன். என்னவெல்லாமோ சொன்னேன். மனிதனைக் கரும்பு மாதிரிப் பிழிந்து சக்கையை வெளியே போடுகிறீர்கள் என்று சொன்னேன். உங்கள் பெண்டாட்டியிடம் போடுகிற 'ம்' எனக்குத் தெரியும் என்றுகூடச் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். எங்கள் குழுவின் மூத்த அக்கா என்னைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், "விடு பிள்ள, புரோகிராம் கெட்டுப்போகும்" என்றார். புரோகிராம் கெட்டுப்போகக் கூடாதாம். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

புரோகிராம் கெட்டுப்போகவில்லை. அதுதான் கொடுமை. லூப் வழுக்கிக்கொண்டு ஓடியது. சரணம் முடிகிற இடத்தில் அது நிற்கவில்லை, நாங்கள்தான் மூச்சை விழுங்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடினோம். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகக் கை தட்டினார்கள். அண்ணன் கடைசி வரிசையில் இருந்தான். கடைசிச் சரணத்தின்போது எழுந்து வெளியே போய்விட்டான். கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பக்கம் கேமராவைத் திருப்பியிருக்கிறார். பின்கதவு திறக்கும், வெயில் உள்ளே விழும், ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு வெளியே போகும், கதவு மூடும். கண் சிமிட்டினால் தவறிவிடும். அந்த டிவிடி முழுவதிலும் அவன் இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

பிறகு அந்த லூப் எங்கேயெல்லாமோ போனது. மாஸ்டர் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், இலவசமாகத்தான். ஓமானில் சலாலாவில் இருந்த என் தோழி ஒருத்தி அங்கே நடந்த கல்யாண வீடியோ அனுப்பினாள், அதில் அது ஓடியது. மாதா பாட்டு சிடியில் ஓடியது. மாஸ்டர் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். 'ஃபிஷ் லூப்'. "ஃபிஷ் லூப்பைப் போடுங்க, கூட்டம் எந்திரிச்சிரும்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அவன் பெயர் அவருக்குத் தெரியும். பெயரும் அழுக்காகப் பட்டிருக்கும்.

அடுத்த கோடையில் நான் லீவில் ஊருக்குக் கிளம்பினேன். அண்ணன் டிவிடியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். நான் வாங்கத் தயங்கினேன்.

"நான் நிக்கல்லன்னாலும் அடி எனக்கதுதான மக்கா? பிள்ள கேக்கட்டு" என்றான்.

மாஸ்டருடைய வாக்கியத்தை என் அண்ணன் வாயிலிருந்து கேட்கவேண்டி வந்தது. அதற்காகவும் அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் அண்ணன் முதலில் கேட்டது, "பிள்ள கேட்டுதா? என்ன சொன்னா?" என்றுதான். "கேட்டா. சிரிச்சா" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் அவனிடம் நான் எதுவும் சொன்னதில்லை, இன்றுவரை.

ஆனால் சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அந்த மெத்தை அறைக்குப் போனேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "வாங்க சிஸ்டர், ஊர்ல மழை உண்டுமா?" என்றார். நான் உட்காரவில்லை. "மாஸ்டர், அந்த டிவிடிய அண்ணனுக்க மகள் பாத்துது. நான் பக்கத்துலதான் இருந்தேன். பாட்டு ஓடிச்சு. அந்தப் பிள்ள எங்கிட்ட..."

உள்ளங்கை எழுந்தது.

"சந்தோசம் சிஸ்டர். பிடிச்சிருக்கும். டீ போடட்டுமா?"

நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த பில்டிங் படி ஏறியதில்லை. அவர் பிற்பாடு வேறு நாட்டுக்கு மாறிப் போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. எங்கே இருந்தாலும் சரி, கையைக் கீழே போடுங்கள் மாஸ்டர். நீங்கள் கேட்காமல் விட்ட மிச்சம் இதுதான்.

அண்ணன் மனைவி, என் மைனி, டிவிடியைப் போட்டாள். ஜெனி அப்பா அனுப்பிய புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரையில் நாங்கள் வரிசையாக நின்றோம்.

"போன் அப்பா எங்க அத்த?"

"அப்பா தெரியமாட்டா. டும் டும்னு கேக்குல்லா, அது அப்பா அடிக்கது" என்றேன்.

பிள்ளை நகர்ந்து போய் டிவியின் ஸ்பீக்கரில் காதை வைத்தது. கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கேட்டது. மைனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம் வந்தது, அதே அடி. பிள்ளையின் விரல் தரையில் கூடவே தட்டியது. மூன்றாவது சரணத்திலும் அதே அடி வந்தபோது விரல் நின்றுவிட்டது. கடைசிச் சரணத்தில் அந்தக் கதவு வரும், அப்போது கையைப் பிடித்துக் காட்டவேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை காதை எடுத்துவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பியது.

"அப்பாவுக்கு இது மட்டுந்தான் தெரியுமா அத்த?"

அவளுக்குப் பின்னால் திரையில் கதவு திறந்து வெயில் விழுந்தது, பிறகு மூடியது.